ஒப்புதல் பெற்ற பச்சை

1

இது முதலில் கதையாக இல்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு விளக்கக் கடிதமாக இருந்தது. கிர்கிஸ்தானில், தலைநகர் பிஷ்கெக்கில் எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தாலும், ஒரு தேநீர்க் கிண்ணம் உடைந்தால்கூட, உடைத்தவர் வெள்ளைத் தாளில் தன் கையால் "இன்னார் ஆகிய நான், இன்ன தேதியில், இன்ன காரணத்தால்" என்று எழுதி மேலாளரிடம் கொடுத்தாக வேண்டும். தட்டச்சு செய்தது செல்லாது. சோவியத் போய்விட்டது, விளக்கக் கடிதம் போகவில்லை. (ஏன் போகவில்லை என்று யாரும் இதுவரை விளக்கக் கடிதம் எழுதவில்லை.)

ஜிபார் எழுத வேண்டிய கடிதத்தை அவளுக்காக நான் எழுத ஆரம்பித்தேன். ஆறு வரியில் முடிய வேண்டியது. ஆறாவது வரியில் ஒருவர் கேரட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கடிதத்தில் கேரட்டுக்கு இடமில்லை. ஆகவே கதை.

என்னைப் பற்றி இரண்டு வாக்கியம். இங்கே மருத்துவம் படிக்க வந்து, உடற்கூறியலில் இரண்டு முறை தவறி, அந்த இடைவெளியில் ஓர் அச்சகத்தின் வடிவமைப்பு அறையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன். இடைவெளிக்கு இப்போது ஐந்து வயது. அறையில் எல்லாரும் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், கேலியாக என்று நினைக்கிறேன்.

2

கதையின் முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

*காலை ஏழு மணிக்கு, ஓஷ் பஜாருக்குப் பின்னால் ஒரு வீட்டில், ஒரு பெண் நீல உறையின் மூலையைக் கத்தரித்துத் தன் மாமனாரின் தேநீரில் பால் ஊற்றினாள். தேநீர் திரிந்தது. அவள் ஊற்றியது பால் அல்ல, கெஃ*

இதோடு நிறுத்திவிட்டேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. இங்கே பால் உறை நீலம், கெஃபிர் உறை பச்சை. கெஃபிர் என்பது நம் மோருக்குக் கொஞ்சம் தடித்த ஒன்றுவிட்ட தம்பி. எந்தக் கம்பெனி விற்றாலும் பால் நீலம், கெஃபிர் பச்சை. கடையில் யாரும் எழுத்தைப் படிப்பதில்லை, நிறத்தைப் பார்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். கெஃபிர் நீல உறையில் வந்திருந்தால் நகரத்தில் பாதித் தேநீர் திரிந்திருக்கும். வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குத்தான் விளக்கக் கடிதம் கேட்டார்கள்.

இரண்டாவது தொடக்கம்: *ஜிபார் நிறங்களை நேசித்தாள்.*

இதை அவளுக்கு வாய்மொழியாகப் பெயர்த்துச் சொன்னேன்.

"யாரு நேசிச்சா?"

"நீதான்."

"டாக்டர், நான் நிறத்தை அளக்கிறவ. நேசிக்கிறவங்க எல்லாம் எதிர்ல பூக்கடை வெச்சிருக்காங்க. அதை அடி."

அடித்துவிட்டேன். ஆனால் நீங்கள் பார்க்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

3

ஜிபார் துர்சுன்பெக்கோவா எங்கள் அறையின் தலைமை வடிவமைப்பாளர். இருபத்தெட்டு வயது. திங்கட்கிழமை காலையில் மேல்கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே தன் திரையின்மேல் சிலந்தி மாதிரி ஒரு கருவியைத் தொங்கவிட்டு நிறங்களைச் சரிபார்ப்பாள். அறையில் ஐந்து திரைகள். ஒரே பச்சையை ஐந்திலும் திறந்தால் ஒன்றில் வெள்ளரிக்காய், ஒன்றில் ராணுவ லாரி, ஒன்றில் மருத்துவமனைச் சுவர், என்னுடையதில் காய்ச்சல் கண்ட தவளை. அவள் திரையில் மட்டும் பச்சை.

"உன்னுதுதான் சரின்னு எப்படிச் சொல்றே?"

"மத்த நாலு பேரும் என்கிட்ட வந்துதானே கேக்கறீங்க?"

இப்படித்தான் பேசுவாள். எரிச்சலாக இருக்கும். எரிச்சலுக்குக் காரணம், அவள் சொல்வது சரியாக இருப்பது.

செப்டம்பரில் ஒரு பால் கம்பெனி கெஃபிர் உறையைப் புதிதாக வடிவமைக்கக் கேட்டது. (கம்பெனியின் பெயர் வேண்டாம். நானும் அந்தக் கெஃபிரைத்தான் குடிக்கிறேன்.) உரிமையாளர் ஓமுர்பெக் பைக்கே. பைக்கே என்றால் அண்ணன், எஜே என்றால் அக்கா. மூத்தவரை வெறும் பெயரால் கூப்பிடுகிறவனை இங்கே ஓநாய் வளர்த்தது என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஜிபார் முதல் உறையை வரைந்தாள். நல்ல, அசல், கெஃபிர்ப் பச்சை. தாளில் அச்சடித்த மாதிரியைப் பார்க்க வரச் சொன்னாள். அவர் வரவில்லை. குரல் செய்தி வந்தது. அவர் எழுதுகிற ஆள் இல்லை, காரோட்டிக்கொண்டே பேசுகிற ஆள்.

"ஏம்மா, தாளு எதுக்கு? போன்ல போடு, பாத்துச் சொல்றேன்."

போட்டாள்.

"ஏம்மா, மஞ்சளடிக்குதே. கெஃபிர் குடிச்சா வயிறு சரியாகணும். இதைப் பாத்தா கெட்டுரும் போலிருக்கு. கொஞ்சம் நீலம் சேரு."

சேர்த்தாள்.

"இன்னும் கொஞ்சம். நீலத்துக்கு என்னம்மா பஞ்சம்? நம்ம ஊர்ல வானம் இல்லையா?"

இரண்டு வாரம். ஒவ்வொரு குரல் செய்திக்கும் ஒரு புதுக் கோப்பு. அந்தப் பட்டியலை அப்படியே தருகிறேன். இதைப் பார்த்துச் சிரித்த அன்றுதான் இந்தக் கதைக்குள் நான் கால் வைத்தேன்:

கெஃபிர்
கெஃபிர்_கடைசி
கெஃபிர்_கடைசி_2
கெஃபிர்_சத்தியமாகக்_கடைசி
கெஃபிர்_பைக்கே_சொன்னது
கெஃபிர்_பைக்கே_மறுபடி_சொன்னது
கெஃபிர்_இன்னும்_நீலம்
கெஃபிர்_வானம்
கெஃபிர்_வானம்_போதுமா
கெஃபிர்_எனக்கு_லீவு_வேண்டும்
கெஃபிர்_ஒப்புதல்

பதினோராவதைப் பார்த்துவிட்டு பைக்கே சொன்னார்: "இப்பத்தாம்மா கெஃபிர் மாதிரி இருக்கு! முதல்லயே இதைப் பண்ணியிருந்தா ரெண்டு பேருக்கும் வேலை மிச்சம்."

ஜிபாரின் திரையில் பதினோராவது உறை நீலமாக இருந்தது. பால்.

4

ஒப்பந்தத் தாளில் கையெழுத்து வாங்க அவள் நேரில் போனாள். அறையில் கணக்கர் இருந்தார், கரகோலிலிருந்து வந்த இரண்டு விருந்தாளிகள் இருந்தார்கள். ஓமுர்பெக் பைக்கே கையெழுத்துப் போடுவதற்கு முன் கைபேசியை நீட்டினார்.

"பாரும்மா, பேரன். நேத்தோட நாப்பது நாள்."

குழந்தை மஞ்சளாக இருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய மஞ்சள். ஜிபார் வாயைத் திறந்தாள். அதற்குள் குழந்தைக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள். சுவரும் மஞ்சள். போர்வை, பாட்டியின் முக்காடு, கிண்ணத்தில் சர்க்கரைக் கட்டி, எல்லாம் பால் கலந்த தேநீர் நிறம்.

கைபேசியில் கண் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் திரைமேல் மஞ்சள் கண்ணாடி மாட்டிய மாதிரி. யாரோ எப்போதோ போட்டுவிட்டிருக்கிறார்கள். அவர் இரண்டு வாரமாக ஒவ்வொரு பச்சையையும் மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்து, மஞ்சளடிக்கிறது என்று சொல்லி, நீலம் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். நீலத்தின்மேல் மஞ்சள் படிந்து ஒருவழியாகப் பச்சை தெரிந்தபோது சரி என்றிருக்கிறார். அதாவது, பதினோராவது கோப்பில் அவர் கண்ணால் பார்த்தது முதல் கோப்பின் பச்சையை.

அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதும்: "பைக்கே, உங்க போன்ல கண் பாதுகாப்பு போட்டிருக்கு."

அவள் சொல்லவில்லை. கணக்கரும் விருந்தாளிகளும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெரிய மனிதரிடம் "இரண்டு வாரமா நீங்க பாத்தது எல்லாமே தப்பு" என்று சொல்வது இங்கே செய்கிற காரியமில்லை. இது அவள் சொன்ன காரணம். (இன்னொரு காரணத்தை மூன்றாவது கிண்ணம் தேநீரில் சொன்னாள்: "எனக்கு மட்டும் தெரியும்ங்கறது நல்லா இருந்துச்சு." இதைப் போடாதே என்றாள். போட்டதைச் சொல்லிவிட்டேன், சரி, இருக்கட்டும், உண்மைதானே என்றாள்.)

அச்சகத்துக்குத் திரும்பியதும் இரண்டு கோப்புகளின் பெயரை மாற்றினாள். பதினோராவதற்கு "பழசு" என்று பெயர் வைத்தாள். முதல் கோப்புக்கு "கெஃபிர்_ஒப்புதல்" என்று பெயர் வைத்து அச்சுக்கூடத்துக்கு அனுப்பினாள். மூன்று விநாடி. அவர் எதைப் பார்த்துச் சரி என்றாரோ அதுதான் அவர் கைக்குப் போய்ச் சேரப்போகிறது, இதில் பொய் எங்கே இருக்கிறது என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பெயரில் இருந்தது. அது அப்போது அவள் கண்ணில் படவில்லை.

5

உறைகள் பச்சையாக அச்சாகி, கெஃபிர் நிரம்பி, கடைக்குப் போயின. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சரியான நிறத்துக்குக் கிடைக்கிற பாராட்டு அவ்வளவுதான்.

அக்டோபரின் முதல் திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. ஓமுர்பெக் பைக்கேயின் உதவியாளர், அவர் அனுப்பிவைத்திருந்த பதினோராவது படத்தைத் தன் கணினியில் திறந்து, பக்கத்தில் உறையை வைத்துப் பார்த்திருக்கிறார். படம் நீலம், உறை பச்சை. "ஒப்புதல் பெற்ற நிறத்திலிருந்து விலகல். பொறுப்பானவரின் பெயர் தெரிவிக்கவும்." பைக்கே படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட, முத்திரையும் விழுந்துவிட்டது. முத்திரை விழுந்த பிறகு கோபப்படாமல் இருக்க முடியாது.

எங்கள் மேலாளர் சோனுன் எஜே அரை நிமிடத்தில் விசாரணையை முடித்தார்.

"அச்சுக்குப் போன கோப்பு எது?"

"ஒப்புதல்னு பேர் போட்டது, எஜே," என்றாள் ஜிபார்.

"அப்ப கோப்பு சரி. மை கலந்தது யாரு?"

கோப்பை யாரும் திறக்கவில்லை. பெயரே சொல்கிறபோது எதற்குத் திறப்பது?

மை கலந்தவர் வலேரா பைக்கே. விளக்கக் கடிதம் இரண்டு பேரிடமும் கேட்கப்பட்டது. வலேரா அன்று மதியமே கொடுத்துவிட்டார். அந்த வருடத்தில் அவருக்கு அது மூன்றாவது கடிதம்: முதலாவது மைக் கிடங்கில் புகை பிடித்ததற்கு, இரண்டாவது வேலை நேரத்தில் டோமினோ ஆடியதற்கு. மூன்று சேர்ந்தால் இயந்திரத்திலிருந்து எடுத்து அட்டை கட்டும் பிரிவில் போட்டுவிடுவார்கள். அவர் இருபத்தாறு வருடமாக அந்த இயந்திரத்தில் நிற்பவர்.

ஜிபார் கொடுக்கவில்லை. நாளை என்றாள்.

6

இந்த இடத்தில் எனக்கு வலேராமேல் சந்தேகம் வந்துவிட்டது. அவர் கதைக்கு ரொம்ப வசதியான மனிதராக வந்து நிற்கிறார். வாசகர் இரக்கப்படட்டும் என்று நான் செய்துவைத்த பொம்மை மாதிரி. ஆகவே சில உண்மைகள்: வலேரி நோகாய், கொரிய இனத்தவர், பிஷ்கெக்கில் பிறந்தவர், கிர்கிஸில் திட்டிவிட்டு ருஷ்ய மொழியில் மன்னிப்புக் கேட்பார். டோமினோவில் ஏமாற்றுவார். என் தேநீர்ப் பொட்டலங்கள் காணாமல் போவதற்கும் அவர் சட்டைப்பைக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது. அவர் விசிலடிக்கிற அழகில் இயந்திரமே நின்றுவிடும்.

போதுமா? இனி கேரட்.

கடிதம் வந்த நான்காம் நாள் மதியம் ஜிபார் சாப்பாட்டு அறைக்குப் போனாள். வலேரா தன் டப்பாவிலிருந்து காரக் கேரட் சாலட்டில் ஒரு நார் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஜிபார், இங்க வா. இது என்ன நிறம்?"

"கேரட் நிறம்."

"அடிப்போடி, அது எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியற மாதிரியேதான் உனக்கும் தெரியுதான்னு கேக்கறேன்."

"அதை எப்படிப் பைக்கே சொல்றது?"

"அதான் நானும் நாலு நாளா யோசிக்கிறேன்." நாரை வாயில் போட்டுக்கொண்டார். "கண் டாக்டர்கிட்ட போனேன். எல்லாம் நல்லா இருக்குன்னார். அவர் போட்டிருந்த டையைப் பாத்தேன். அந்த ஆளை நம்ப முடியலை."

ஜிபார் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"கடிதத்துல என்ன எழுதினீங்க?"

"மை கலக்கும்போது கண் ஏமாத்திருச்சுன்னு."

"உங்க கண்ணா? ஏன், வேற ஏதாவது காரணமா இருக்கக் கூடாதா?"

"கோப்புல ஒப்புதல்னு போட்டிருக்கு. அனுப்பினது நீ. நிறத்துல நீ தப்புப் பண்ண மாட்டே, ஊருக்கே தெரியும். அப்ப மிச்சம் யாரு?" டப்பாவை மூடினார். "நான் கலந்தப்போ, கோப்புல இருக்கற பச்சையும் என் பச்சையும் ஒண்ணாத்தாம்மா தெரிஞ்சுது. இம்மி வித்தியாசம் இல்லை. அதான் பயமா இருக்கு. வித்தியாசம் தெரிஞ்சும் சோம்பேறித்தனத்துல விட்டிருந்தா, என்னை நானே திட்டிட்டுத் தூங்கியிருப்பேன்."

அன்றிலிருந்து அவர் கலந்த மையை இரண்டாம் ஷிஃப்ட் ஆளைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகே இயந்திரத்தில் ஊற்றினார். இரண்டாம் ஷிஃப்ட் ஆளுக்குச் சிவப்பும் பழுப்பும் ஒன்று.

6-அ

(இந்தப் பகுதியில் ஜிபார் கழிவறையில் நின்று அழுதாள். "நான் எப்ப அழுதேன்?" என்றாள். நீக்கப்பட்டது.)

7

"டாக்டர், நீதான் கதை எழுதறவனாச்சே. எனக்கு ஒண்ணு எழுதிக் குடு. பாத்து எழுதறேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்தாம் நாள். நான் எழுதினேன்.

முதல் வரைவு: "கோப்பு மேலாண்மை நடைமுறையின்போது பெயர்கள் இடமாற்றத்துக்கு உள்ளாயின."

"யார் உள்ளாக்கினா?"

"யாரும் இல்லை. தானா உள்ளாச்சு. அரசாங்கத்துல இப்படித்தான் எழுதுவாங்க."

"வேற."

இரண்டாம் வரைவில் மென்பொருள்மேல் பழியைப் போட்டேன். புதிய பதிப்பு தானாகவே பழைய பெயரை எடுத்துக்கொண்டதாக.

"மென்பொருள் என்ன பாவம் பண்ணுச்சு? இந்த ரூம்ல அது ஒண்ணுதான் சொன்னதைச் செய்யுது."

மூன்றாம் வரைவில் அவளை வீராங்கனையாக்கினேன். நகரத்தின் தேநீரைத் திரிந்துபோகாமல் காப்பாற்றிய பெண். இதை இரண்டு முறை பெயர்க்கச் சொல்லிக் கேட்டாள். பிடித்திருந்தது. பிறகு, "இதுல வலேரா பைக்கே எங்க?" என்றாள்.

இல்லை. மூன்றிலும் அவர் இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஐந்தாம் நாளே எனக்குத் தெரியும் என்று சொன்னேனே; நான் அச்சுக்கூடத்துக்குப் படியிறங்கிப் போய் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரைவுதான் எழுதிக்கொண்டிருந்தேன். இந்தக் கதையில் என்னைத் திட்ட ஓர் ஆள்கூட வராதபடி பார்த்துக்கொண்டவனும் நானே.

எட்டாம் நாள் மதியம் ஜிபார் கணினியை அணைத்தாள். பேனா எடுத்தாள். எதற்கும் பதினோரு பதிப்பு வைத்திருக்கிறவள், ஒரு தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள். என்னிடம் காட்டவில்லை.

8

ஒன்பதாம் நாள், செவ்வாய், ஓமுர்பெக் பைக்கே வந்தார். குளிருக்குக் கட்டடங்களைச் சூடாக்க நகராட்சி குழாயில் விடும் வெந்நீர் இன்னும் வரவில்லை. சோனுன் எஜேயின் அறையில் எல்லாரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தோம். வலேரா கதவோரம் நின்றார். மடிக்கணினியைச் சுமந்துவந்த சாக்கில் நானும்.

"யாருன்னு கேட்டிருந்தேன்," என்றார் ஓமுர்பெக் பைக்கே. கடிதத்தை மேஜைமேல் வைத்து, முத்திரைமேல் விரலை வைத்தார். "நான் ஒண்ணு சொன்னா நீங்க ஒண்ணு அடிக்கிறீங்க. எனக்கு மரியாதை இல்லையா?"

"பைக்கே," என்றாள் ஜிபார், "நீங்க சரின்னு சொன்ன படம் உங்க போன்ல இருக்கா?"

"இருக்கும்மா. ஏன்?"

"எடுங்க. நீங்களே பாருங்க. நான் தொட மாட்டேன்."

எடுத்தார். அவள் பையிலிருந்து கடையில் வாங்கிய கெஃபிர் உறையை எடுத்து அவர் கைபேசிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பச்சை, பச்சை. ஒன்று.

பைக்கே கைபேசியைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், தன் முத்திரையைப் பார்த்தார்.

"இது நான் சொன்ன நிறந்தானே?"

"நீங்க சொன்னதேதான்."

"அப்ப இந்த லெட்டர் யார் போட்டது?"

"நீங்க."

சோனுன் எஜே தன் கைபேசியில் அதே படத்தைத் திறந்தார். நீலம். மூன்றையும் அருகருகே வைத்தார்கள். ஜிபார் கண் பாதுகாப்பு என்றால் என்ன என்று, யார் கண்ணையும் குறை சொல்லாமல், மெதுவாக விளக்கினாள். பிறகு அவரிடம் அனுமதி கேட்டு, அவர் விரலாலேயே, அதை அணைக்கச் சொன்னாள். அவர் உடனே கெஃபிரை விட்டுவிட்டுப் படங்களைத் தள்ள ஆரம்பித்தார்.

"ஐயோ! பேரனைப் பாருங்க! வெள்ளை வெளேர்னு! வெளியூர்ல இருக்கான், போன்லதானே பாக்கறேன். இத்தனை நாளா பயந்துக்கிட்டு மருமககிட்ட கேக்காம இருந்தேனே!"

எல்லார் கைக்கும் பேரன் வந்து போனான். சோனுன் எஜே இரண்டு முறை பார்த்துவிட்டார். வலேரா கதவோரத்தில் லேசாகச் சிரித்தார்.

"அப்ப நான் தப்பாக் கலந்தது நல்லதாப் போச்சு," என்றார். "கோப்புப்படி கலந்திருந்தா நீலமா வந்திருக்கும். கண்ணு கெட்டதுலயும் ஒரு புண்ணியம்."

அறையில் எல்லாருக்கும் அது பொருத்தமாக இருந்தது. சோனுன் எஜே தலையாட்டினார். ஓமுர்பெக் பைக்கே அவர் முதுகில் தட்டினார். எழுந்து தேநீர் குடிக்கப் போக வேண்டியதுதான் பாக்கி.

ஜிபார் மடித்த தாளைப் பையிலிருந்து எடுத்து சோனுன் எஜே முன்னால் விரித்தாள்.

"சத்தமாப் படிங்க, எஜே."

சோனுன் எஜே படித்தார்:

"ஜிபார் துர்சுன்பெக்கோவா ஆகிய நான், முதல் கோப்புக்குப் பதினோராவது கோப்பின் பெயரை வைத்து அச்சுக்கு அனுப்பினேன். தெரிந்தே செய்தேன். நிறம் சரி, அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பெயர் பொய். வலேரி நோகாய், கோப்பில் இருந்த பச்சையை இம்மி பிசகாமல் அச்சடித்தார். அவர் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்."

கடைசி வாக்கியத்தைப் படித்ததும் சோனுன் எஜே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

வலேரா கிர்கிஸில் ஒரு வார்த்தை சொன்னார். அதற்குத் தமிழில் சொல் இருக்கிறது, அச்சில் வராது.

"ஒன்பது நாள், ஜிபார். நேத்து என் பெண்டாட்டியோட சட்டையை வெளிச்சத்துல பிடிச்சுக்கிட்டு இது நீலமா, ஊதாவான்னு கேக்கறேன். அவ சிரிக்கிறா. நான் நடுங்கறேன்."

"தெரியும், பைக்கே."

"தெரியுமா? தெரிஞ்சு என்ன பண்ணினே? என்கிட்ட வந்து காதுல சொல்லியிருந்தா நானே முதல் கோப்பை எடுத்து அடிச்சிருப்பேனேடி! விசிலடிச்சுக்கிட்டே அடிச்சிருப்பேன்!"

அவள் தலையைக் குனியவில்லை. அவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதை நான் மிகைப்படுத்தவில்லை.

9

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் சோனுன் எஜே மேலாளர்.

"லெட்டர் பதிவேட்டுல ஏறிருச்சு. அதுக்குப் பதில் போகணும், பதிலோட ஒரு விளக்கக் கடிதம் போகணும். ஒரு தப்புக்கு ரெண்டு கடிதம் வெக்க முடியாது."

"லெட்டரை நான் வாபஸ் வாங்கிக்கறேன்," என்றார் ஓமுர்பெக் பைக்கே.

"அதுக்கு முத்திரை வேணும்."

"முத்திரை உதவியாளர்கிட்ட இருக்கு."

"கூப்பிடுங்க."

"இஸ்ஸிக்-குல் ஏரிக்குப் போயிருக்கா. லீவு."

சோனுன் எஜே இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "வலேரா, உன்னோடது நின்னா இது மூணாவது. அட்டை கட்டப் போவே. ஜிபார், உன்னோடது நின்னா, வாடிக்கையாளர் ஒப்புதலை மாத்தினேன்னு உன் கையெழுத்துலயே இருக்கு. அந்த மேஜையில உன்னை நான் வெச்சுக்க முடியாது. ரெண்டு பேரும் பேசி ஒண்ணைக் கிழிங்க. நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"டாக்டர், நீ வெளிய இரு. நீ எழுதிருவே."

வெளியே வந்தேன். கதவு மூடியது. ஆகவே எனக்குத் தெரியாது. உண்மையிலேயே.

கண்டுபிடித்து எழுதப் பார்த்தேன். ஒரு முடிவில் வலேரா ஜிபாரின் தாளைக் கிழித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "போய் வேலையைப் பாரு, கழுதை" என்றார். கண் கலங்கியது, எனக்கு. தேநீர் வேளையில் இரண்டு பேருக்கும் பெயர்த்துச் சொன்னேன்.

"என்னை எதுக்குடா சாமியாராக்கறே?" என்றார் வலேரா. "எனக்கு அன்னிக்கு அவ கழுத்தை நெரிக்கணும்போல இருந்துச்சு."

இன்னொரு முடிவில் ஜிபார் அவருடைய தாளைப் பறித்துக் கிழித்துவிட்டு நிமிர்ந்த நடையோடு வெளியேறினாள், ஓர் அக்டோபர் வெயி

"வெயிலா? அன்னிக்கு மழை," என்றாள் ஜிபார். "அப்புறம், அது என் தாளு இல்லை. அவர் எழுதினதை நான் எப்படிப் பறிப்பேன்? மறுபடியும் அவர் பேருல நானே ஒண்ணு பண்றதா?"

"சரி, என்னதான் நடந்துச்சு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வலேரா என் தேநீர்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"நீதான் எழுதறவன்," என்றார்.

அன்று அவர்கள் எந்த வேலையில் இருந்தார்கள், தேநீர் எந்த அறையில் குடித்தோம் என்பதை இங்கிருந்து எடுத்துவிட்டேன். சொன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே கதவைத் திறந்து உங்களை உள்ளே விடுகிறேன். இரண்டு தாள்கள். ஒன்றில் ஒரு நல்ல அச்சுக்காரர் தன் கண் கெட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறார். பொய், ஆனால் எழுதும்போது நம்பினார். இன்னொன்றில் ஒரு நல்ல வடிவமைப்பாளர் உண்மையை எழுதியிருக்கிறாள். ஒன்பது நாள் தாமதம். ஓமுர்பெக் பைக்கே பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். சோனுன் எஜே ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறார், கேட்டால் பார்க்கவில்லை என்பார். எதைக் கிழிப்பது என்பது உங்கள் விருப்பம். நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: வலேராவை மேஜைக்குக் கிட்டே கூப்பிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிழியுங்கள்.